வளவைத் தாண்டிக் கொல்லைக்கு: புராஸ்டேட் வீக்கமும் அதற்கு நாம் சாப்பிடும் மருந்துகளும்

போன மாசியில் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். கடையில் ஆள் இல்லாத சமயமாகப் பார்த்து ஒரு ஆச்சி வந்தார். மஞ்சப்பையிலிருந்து மூன்று சாமான்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்தார். முதலாவது, காரைக்குடி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. இரண்டாவது, அமெரிக்காவிலிருக்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது வாங்கிவந்த பெரிய டப்பா. மூன்றாவது, நாட்டு மருந்துக்கடையில் தாளில் மடித்துக் கொடுத்த நெருஞ்சி முள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எங்க அவுக ராத்திரி அஞ்சு தடவ எந்திரிக்கிறாக ஆத்தா. இதுல எதக் குடுக்க, எத விட?" என்று கேட்டார்.

மருந்தாளுநராக இந்தக் கவுண்டரில் இருபது வருடத்துக்கு மேல் நிற்கிறேன். புராஸ்டேட் மாத்திரை வாங்க ஆண்கள் நேரில் வருவது அபூர்வம். ஆச்சி வருவார், இல்லாவிட்டால் மகளோ மருமகளோ வருவார். "யூரின் மாத்திரை" என்று முணுமுணுத்து அட்டையை நீட்டுவார்கள். அது என்ன செய்கிறது என்று கேட்கவும் கூச்சம், சொல்லவும் ஆள் இல்லை. ஆச்சிக்கு அன்று அவசரமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வந்து சேரும். மடையைத் திறந்தால் வயலுக்குப் பாயும். மடை திறக்காமல் கண்மாய் நிறைந்துகொண்டே போனால் மிஞ்சிய தண்ணீர் கலுங்கில் வழியும். சிறுநீர்ப்பை ஒரு சின்னக் கண்மாய். இரண்டு சிறுநீரகங்களிலிருந்தும் இறங்கும் குழாய்கள் வரத்துக்கால். பைக்கு அடியில், சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம் போட்டமாதிரி உட்கார்ந்திருப்பதுதான் புராஸ்டேட் சுரப்பி. ஆண்களுக்கு மட்டும் உள்ளது. விந்தில் கலக்கும் திரவத்தில் ஒரு பங்கைச் சுரப்பது அதன் வேலை. இளவயதில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு நெல்லிக்காய் அளவு.

நாற்பதைத் தாண்டியதும் அது மெல்லப் பெருக்கத் தொடங்குகிறது. பிரேதப் பரிசோதனைகளில் பார்த்தபோது, ஐம்பதுகளில் இருந்த ஆண்களில் பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேலும் இந்தப் பெருக்கம் இருந்தது. நரை மாதிரித்தான். எல்லோருக்கும் அது தொந்தரவு கொடுப்பதில்லை. வெளிப்பக்கமாகப் பெருத்தால் தெரியாமலே போகலாம், உள்பக்கமாகப் பெருத்தால் நடுவில் போகும் குழாயை நெருக்கும். அதனால் ஸ்கேனில் "45 கிராம்" என்று வந்ததை வைத்துக்கொண்டு பயப்படுவதில் அர்த்தமில்லை. 80 கிராம் சுரப்பியோடு நிம்மதியாகத் தூங்குகிறவரும் உண்டு, 30 கிராமில் அவதிப்படுகிறவரும் உண்டு.

இது ஏனென்றால் மடை அடைபட இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, மடைவாயில் மண் மேடிடுவது, அதாவது சுரப்பியின் பருமன். இன்னொன்று, மடையின் பலகையே இறுகிப்போவது. புராஸ்டேட்டுக்குள்ளும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் நம் கட்டுப்பாட்டில் இல்லாத தசைநார்கள் இருக்கின்றன. அவை இறுகினால் சுரப்பி சின்னதாக இருந்தாலும் நீர் பிரியாது. இந்த இரண்டு காரணத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டால், டாக்டர் ஏன் ஒருவருக்கு ஒரு மாத்திரையும் இன்னொருவருக்கு இரண்டும் எழுதுகிறார் என்பது தானாகப் புரியும்.

அறிகுறிகள் தெரிந்தவைதான். போய் நின்றால் உடனே வராது, முக்க வேண்டியிருக்கும், தாரை மெலிந்து விட்டுவிட்டு வரும், முடிந்தபின் வேட்டியில் சொட்டும், வந்த அஞ்சாவது நிமிடம் மறுபடி வருகிற மாதிரி இருக்கும், சில சமயம் அடக்கவே முடியாது. இவற்றையே ஏழு கேள்விகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, மொத்தம் 35-க்குக் கணக்கிடும் ஒரு தாள் உலகம் முழுக்க சிறுநீரியல் டாக்டர்களிடம் உண்டு. ஐ.பி.எஸ்.எஸ். என்பார்கள். 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை. லேசானதற்குப் பெரும்பாலும் மாத்திரையே வேண்டாம். காத்திருந்து கவனித்தாலே போதும். சிலருக்குத் தானாகவே குறையும். பின்னால் மூலிகைகளைப் பற்றிப் பேசும்போது இந்த 'தானாகவே குறையும்' மறுபடி வரும்.

ஒரே ஒரு அறிகுறியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். "இப்ப நல்லா போகுது, சொட்டு சொட்டா வந்துக்கிட்டே இருக்கு" என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். அது நல்ல சேதியல்ல. மடை அடைபட்டு, கண்மாய் ததும்பி, கலுங்கில் வழிகிறது. பை காலியாகவே இல்லை. வலிகூட இருக்காது. இப்படி மாதக்கணக்கில் தேங்கினால் அழுத்தம் வரத்துக்கால் வழியே மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்கேன் எடுக்கும்போது, "போயிட்டு வாங்க" என்று அனுப்பி, மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று மறுபடி பார்க்கிறார்கள்.

புராஸ்டேட் வீக்கம் புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே சுரப்பியில், ஒரே வயதில் வரக்கூடியவை. அதனால்தான் விரலால் தொட்டுப் பார்க்கும் சோதனையும், ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற, புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் அளவும். கூடவே சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும். ராத்திரி நாலு தடவை எழுகிறவர்களில் சிலருக்குக் குற்றவாளி புராஸ்டேட் அல்ல, கட்டுப்படாத சர்க்கரை. நீரை அதிகம் பிரியவைக்கும் நீர் மாத்திரையைச் சாயங்காலம் சாப்பிடுவது, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புது வகை சர்க்கரை மாத்திரைகள் ஆகியவையும் இதைச் செய்யும். டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போகச் சொல்வது இதற்காகத்தான்.

இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரை

ஆச்சியின் சீட்டில் இருந்த முதல் பெயர் டாம்சுலோசின், 0.4 மில்லிகிராம். அல்ஃபுசோசின், சிலோடோசின், டாக்சசோசின், டெராசோசின் எல்லாம் இதன் பங்காளிகள். பொதுப்பெயர் ஆல்ஃபா பிளாக்கர். இவை சுரப்பியைச் சுருக்குவதில்லை. ஒரு கிராம்கூடக் குறையாது. தசையின் இறுக்கத்தை மட்டும் தளர்த்துகின்றன, அதாவது மடைப்பலகைக்கு எண்ணெய் போடுகின்றன. அதனால் பலன் சீக்கிரம் தெரியும். சிலருக்கு இரண்டு மூன்று நாளில், பெரும்பாலோருக்கு ஒரு மாதத்துக்குள். நிறுத்தினால் பழைய நிலை.

இந்த வகையில் பழைய மருந்துகள் ரத்த அழுத்தத்துக்காக வந்தவை. புராஸ்டேட் தசையைத் தளர்த்தும் அதே கை ரத்தக்குழாயையும் தளர்த்துகிறது. எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கி, தலை கிர்ரென்று சுற்றும். டாம்சுலோசினிலும் சிலோடோசினிலும் இது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. முதல் சில நாள்களும், இடையில் விட்டுவிட்டு மறுபடி தொடங்கும் நாள்களும்தான் கவனிக்க வேண்டியவை.

செட்டிநாட்டு வீட்டில் இது வெறும் தலைசுற்றலோடு முடியாது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பெரியவர் படுப்பது முகப்பிலோ பட்டாலையிலோ. கழிப்பறை கொல்லையில். நடுராத்திரி எழுந்து, வளவைக் கடந்து, இரண்டாம் கட்டைக் கடந்து, ஒவ்வொரு நிலைவாசலிலும் படி ஏறி இறங்கி, பளபளவென்றிருக்கும் ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். முற்றத்தில் பனி இறங்கி ஈரமாயிருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த மாத்திரை ஆரம்பித்த வாரத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். புராஸ்டேட் குணமானது, நடை போனது. அதனால் மாத்திரையோடு நான் இலவசமாகக் கொடுக்கும் யோசனை இது: கண் விழித்ததும் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து பிறகு எழுங்கள், நடைபாதையில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், முடிந்தால் மாத்திரை ஆரம்பிக்கும் முதல் வாரம் கட்டிலுக்கடியில் ஒரு யூரின் கேன் இருக்கட்டும். பிளாஸ்டிக் கேன் என்றால் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். இடுப்பெலும்பு முறிவதில் என்ன மரியாதை இருக்கிறதோ!

டாம்சுலோசின் கேப்சூலுக்குள் சின்னச் சின்ன மணிகள் இருக்கும். மருந்து மெதுவாக வெளிவருவதற்கான ஏற்பாடு அது. விழுங்க முடியவில்லை என்று பிரித்துக் கொட்டி மென்றால் அந்த ஏற்பாடு கெட்டுவிடும். தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது நல்லது.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு. ஒன்றை ஆண்கள் வெட்கத்தில் கேட்பதில்லை, மற்றதை யாருமே சொல்வதில்லை. உறவின்போது விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடலாம், அல்லது மிகக் குறையலாம், சிலோடோசினில் இது அதிகம். உடம்புக்குக் கெடுதல் இல்லை, நிறுத்தினால் சரியாகிவிடும். இரண்டாவது, கண்புரை ஆபரேஷன். இந்த மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கருவிழித்திரை தளர்ந்து, ஆபரேஷன் நடுவே துணிமாதிரி அலைபாய்வதை 2005-இல் கண் டாக்டர்கள் முதன்முதலாக எழுதினார்கள். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார், தெரியாவிட்டால்தான் சிக்கல். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், நிறுத்தியபின்னும் அந்தத் தளர்ச்சி இருக்கலாம். கண் முகாமில் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்டால் பி.பி., சுகர் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

சுரப்பியைச் சுருக்கும் மாத்திரை

சீட்டில் இருந்த இரண்டாவது பெயர் டுடாஸ்டிரைடு, 0.5 மில்லிகிராம். இதன் அண்ணன் ஃபினாஸ்டிரைடு, 5 மில்லிகிராம். இந்த மருந்து பிறந்த கதை சுவாரசியமானது. டொமினிக்கன் குடியரசில் சாலினாஸ் என்ற ஊரில், பிறக்கும்போது பெண்குழந்தை போலவே தோன்றி, பருவ வயதில் ஆணாக மாறும் சிலர் இருந்தார்கள். 1974-இல் ஜூலியான் இம்பெராடோ மெக்கின்லி என்ற டாக்டரும் அவர் குழுவினரும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை, அதைவிட வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் ஒரு நொதி இவர்கள் உடம்பில் குறைவு. பெரியவர்களான பிறகும் இவர்களுக்குப் புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது. வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியை மாத்திரையால் தடுத்தால் என்ன என்ற யோசனையின் விளைவுதான் ஃபினாஸ்டிரைடு. அமெரிக்காவில் 1992-இல் புராஸ்டேட்டுக்கு அனுமதி கிடைத்தது, 1997-இல் 1 மில்லிகிராம் அளவில் முடி உதிர்வுக்கும். இன்று என் கடையில் பேரன் தலைமுடிக்கு வாங்குவதும் தாத்தா கொல்லைக்குப் போக வாங்குவதும் ஒரே மருந்து. அளவுதான் வேறு.

இது மடைவாயின் மண்ணை அள்ளும் வேலை. மண் ஒருநாளில் அள்ளிவிட முடியாது. ஆறு மாதமாவது ஆகும், கால் பங்கு அளவுக்குச் சுருங்கும். ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு "ஒண்ணும் தெரியல" என்று நிறுத்துகிறவர்கள் இந்த மாத்திரையில்தான் அதிகம். சுரப்பி பெரிதாக இருப்பவர்களுக்கே இது பயன்படும், சின்னச் சுரப்பியில் அள்ள மண் இல்லை.

ஆண்மை விருப்பம் குறைவது, விறைப்புக் குறைவது, சிலருக்கு மார்பு கனத்து வலிப்பது ஆகியவை இதன் பக்கவிளைவுகள். எல்லோருக்கும் வராது, வந்தால் டாக்டரிடம் சொல்லக் கூசக் கூடாது. இன்னொன்று, இந்த மருந்து பி.எஸ்.ஏ. அளவை ஆறு மாதம் ஒரு வருடத்தில் பாதியாக்கிவிடும். ஆய்வுக்கூடத் தாளில் 3 என்று வந்தால் டாக்டர் அதை 6 என்று படிக்க வேண்டும். மாத்திரை சாப்பிடுவது தெரியாத டாக்டர் "நார்மல்" என்று அனுப்பிவிடுவார்.

கூட்டுக்குடும்பத்துக்கு ஒரு எச்சரிக்கை. கர்ப்பமான பெண்கள் உடைந்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையையோ, ஒழுகும் டுடாஸ்டிரைடு கேப்சூலையோ தொடக் கூடாது. வயிற்றிலிருப்பது ஆண்குழந்தையானால் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். "ஐயாவுக்கு மாத்திரைய ரெண்டா ஒடச்சுக் குடு" என்று பேரன் மனைவியிடம் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அதேபோல, டுடாஸ்டிரைடு நிறுத்தி ஆறு மாதம்வரை ரத்த தானம் கூடாது, ஏனென்றால் அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம்.

இரண்டையும் ஏன் சேர்த்துக் கொடுக்கிறார்கள்? 2003-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 3,047 ஆண்களைச் சராசரியாக நாலரை வருடம் கவனித்தார்கள். நோய் முற்றும் ஆபத்தை, தளர்த்தும் மருந்து தனியாக 39 சதவீதமும், சுருக்கும் மருந்து தனியாக 34 சதவீதமும், இரண்டும் சேர்ந்து 66 சதவீதமும் குறைத்தன. தளர்த்தும் மருந்து தனியாக இருந்தவர்களுக்கு நாளாவட்டத்தில் திடீர் அடைப்பும் ஆபரேஷனும் தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. மண் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விறைப்புக் குறைவுக்குக் கொடுக்கும் டாடலாஃபில், தினம் 5 மில்லிகிராம் அளவில், அமெரிக்காவில் 2011-இல் புராஸ்டேட்டுக்கும் அனுமதிக்கப்பட்டது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் வைத்திருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். அடக்க முடியாத அவசரத்துக்கு மிராபெக்ரானோ சோலிஃபெனாசினோ சேர்ப்பார்கள். சோலிஃபெனாசின் வகையில் வாய் காயும், மலச்சிக்கல் வரும், பை காலியாகாதவர்களுக்கு அடைப்பு கூடலாம். மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு, திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்பவர்களுக்கு, பையில் கல் சேர்ந்தவர்களுக்கு, சிறுநீரகம் கெடத் தொடங்கியவர்களுக்கு ஆபரேஷன். வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே சுரண்டி எடுக்கிறார்கள், அல்லது லேசரில்.

அடைக்கும் மாத்திரை

சரிசெய்யும் மருந்தைவிடக் கெடுக்கும் மருந்தைப் பற்றித்தான் எனக்குப் பேச அதிகம் இருக்கிறது. என் சித்தப்பா சில வருடங்களுக்கு முன் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனார். குன்றக்குடியிலிருந்து கூட்டத்தோடு நடந்து, நத்தம் தாண்டியபோது பனியில் சளி பிடித்துக்கொண்டது. வழியில் ஒரு கடையில் சளி மாத்திரை கேட்டு, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. விடியற்காலை மூன்று மணிக்கு, அடிவயிறு கல்லாக இறுகி, ஒரு சொட்டு வராமல் துடித்திருக்கிறார். திண்டுக்கல்லில் ட்யூப் போட்டதும் ஒரு லிட்டருக்குக் கிட்ட வந்தது. சாதாரணமாக அரை லிட்டருக்கே நமக்குத் தாங்காது.

நடந்தது இதுதான். சளி மாத்திரைகளில் மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் இரண்டும் ஆல்ஃபா பிளாக்கர் தளர்த்துகிற அதே தசையை இறுக்குபவை. தும்மலை நிறுத்தும் குளோர்ஃபெனிரமின் சிறுநீர்ப்பை சுருங்கி அழுத்தும் சக்தியைக் குறைக்கும். மடைப்பலகையையும் இறுக்கி, தள்ளும் தண்ணீரின் வேகத்தையும் குறைத்தாயிற்று. சித்தப்பாவுக்கு அதுவரை புராஸ்டேட் தொந்தரவு இருப்பதாகவே தெரியாது, தாரை கொஞ்சம் மெலிந்திருந்ததை வயசு என்று விட்டிருந்தார். அறுபதைத் தாண்டிய ஆண் யார் வந்து சளி மாத்திரை கேட்டாலும், "நீர் தடையில்லாமப் போகுதா அண்ணே?" என்று கேட்காமல் நான் இப்போது கொடுப்பதில்லை. சிலருக்குக் கோபம் வருகிறது.

டப்பாவும் நெருஞ்சியும்

ஆச்சியின் இரண்டாவது சாமானுக்கு வருகிறேன். டப்பாவில் இருந்தது சா பால்மெட்டோ. அமெரிக்காவில் ஃபுளோரிடா பக்கம் புதராக வளரும் குட்டைப் பனை. நம் பனைமட்டையின் கருக்கு மாதிரியே அதன் மட்டையிலும் ரம்பப் பல் உண்டு, பெயரும் அதனால்தான். பழத்தின் சாற்றைக் கேப்சூலாக்கி விற்கிறார்கள். உலகத்தில் புராஸ்டேட்டுக்கு அதிகம் விற்கும் மூலிகை இதுவாகத்தான் இருக்கும்.

இதை ஒழுங்காகச் சோதித்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஆய்வில் 225 பேருக்கு ஒரு வருடம். பாதிப் பேருக்கு தினம் இருமுறை 160 மில்லிகிராம் சாறு, மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதேபோன்ற வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. முடிவில் வித்தியாசமே இல்லை. அளவு போதவில்லையோ என்று 2011-இல் 369 பேருக்கு மூன்று மடங்குவரை ஏற்றிப் பார்த்தார்கள். ஐ.பி.எஸ்.எஸ். போன்ற அறிகுறி மதிப்பெண், பனைச்சாறு சாப்பிட்டவர்களுக்கு 2.2 புள்ளி குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஏறக்குறைய 3 புள்ளி குறைந்தது!

அந்த 3 புள்ளியைத்தான் நான் எல்லோருக்கும் காட்ட விரும்புகிறேன். மருந்தே இல்லாத மாத்திரைக்கு அவ்வளவு குறைகிறது. புராஸ்டேட் தொந்தரவு ஒரே மட்டத்தில் நிற்பதில்லை, ஏறும், இறங்கும். ஏறியிருக்கும்போதுதான் நாம் மருந்து தேடுகிறோம், அது இறங்கும்போது கையில் எந்த டப்பா இருக்கிறதோ அதற்குப் பேர் கிடைக்கிறது. "எனக்குக் கேட்டுச்சு" என்று உறவினர் சொல்வது பொய்யல்ல. ஆனால் எது கேட்டது என்று அவருக்கும் தெரியாது.

பெரிய கெடுதல் இந்த ஆய்வுகளில் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவில் ஹெக்ஸேன் என்ற கரைப்பானால் பிரித்தெடுத்த ஒரு குறிப்பிட்ட சாற்றை, ஆண்மைக் குறைவு போன்ற பக்கவிளைவுகளைத் தவிர்க்க விரும்புகிறவர்களுக்குச் சொல்லலாம் என்று அங்குள்ள சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது, பலன் சிறிதாகத்தான் இருக்கும் என்ற குறிப்போடு. ஆனால் மகன் வாங்கிவந்த டப்பா அதுவல்ல. அமெரிக்காவில் இது மருந்து அல்ல, உணவுத்துணை. விற்பதற்குமுன் பலனை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

ஆப்பிரிக்கக் காட்டுமரம் ஒன்றின் பட்டை, பைஜியம், இதைவிடக் கொஞ்சம் தேவலை. 18 சிறு ஆய்வுகளில் மொத்தம் 1,562 பேரைத் தொகுத்துப் பார்த்தபோது இரவில் எழுவது 19 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் எல்லாம் சில வார, சில மாத ஆய்வுகள். பட்டைக்காக மரத்தை உரித்து உரித்து, 1995 முதல் அதன் சர்வதேச வியாபாரத்தையே கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. பீட்டா சிட்டோஸ்டிரால் என்ற தாவரக் கொழுப்பு 1995-இல் 200 பேரிடம் ஆறு மாதம் சோதிக்கப்பட்டு, அறிகுறிகளை நன்றாகவே குறைத்தது, சுரப்பியின் அளவை மட்டும் குறைக்கவில்லை. நல்லெண்ணெயிலும் கடலையிலும் அது இருக்கிறது. அதற்காக இட்லிப்பொடியில் எண்ணெயைக் கூட ஊற்ற வேண்டாம்.

இனி நெருஞ்சி. நம் மூலிகைகளை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன், என் அப்பத்தாவின் கை மருந்தில் வளர்ந்தவள். நெருஞ்சி, சிறுகண்பீளை, நீர்முள்ளி, மாவிலங்கப் பட்டை, வெள்ளரி விதை, வாழைத்தண்டு எல்லாம் 'நீரடைப்புக்கு' என்று சொல்லி வாங்கப்படுபவை. இவற்றில் பெரும்பாலானவை நீர்பெருக்கிகள். நீர்க்கடுப்புக்கும், சின்னக் கல்லுக்கும், வெயிலில் நீர் சுண்டிப்போனதற்கும் அது பொருந்தலாம். ஆனால் புராஸ்டேட்காரருக்குத் தண்ணீர் உற்பத்தியில் குறையில்லையே? மடை அடைபட்ட கண்மாய்க்கு வரத்துக்காலை அகலப்படுத்தி என்ன பயன்? ராத்திரி படுக்கப்போகும் முன் ஒரு செம்பு நெருஞ்சிக் கஷாயம் குடித்துவிட்டு, "இன்னும் அதிகமா எந்திரிக்கிறேன்" என்று வந்தவர்கள் உண்டு. நீர் பிரியவில்லை என்பதற்கு உள்ளே ஊறவில்லை என்றும் பொருள், வெளியே வழியில்லை என்றும் பொருள். ஒரே சொல்லில் இரண்டு நோய். மூலிகை முதலாவதற்கு, புராஸ்டேட் இரண்டாவது.

கொல்கத்தாவில் நெருஞ்சிப் பழமும் கறிவேப்பிலையும் சேர்த்த சாற்றை டாம்சுலோசினோடு 12 வாரம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டிலும் அறிகுறிகள் குறைந்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிறிய ஆய்வு, வெற்று மாத்திரைக் குழுவும் இல்லை. அந்த 3 புள்ளியைக் கழித்துப் பார்க்க வழியில்லை.

சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால், அரசு மருத்துவமனை சித்தா பிரிவிலோ பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடமோ ஸ்கேன் தாளோடு போங்கள். தபாலில் வரும் பெயரில்லாத பொடிகளைத்தான் நான் பயப்படச் சொல்வது. 2008-இல் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. 'சுத்த மூலிகை' என்று புராஸ்டேட் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் விற்ற பி.சி. ஸ்பெஸ் என்ற கேப்சூலில் ரத்தத்தை உறையவிடாத வார்ஃபரின் கலந்திருந்தது தெரிந்து, 2002-இல் திரும்பப் பெற்றார்கள்.

மாத்திரையோ மூலிகையோ, கூடவே செய்யக்கூடியவை சில: காப்பியை மதியத்தோடு நிறுத்துவது, ஆறு மணிக்குமேல் தண்ணீரைக் குறைத்துக் காலையில் கூட்டுவது, போனபின் ஒரு நிமிடம் நின்று மறுபடி ஒருமுறை போவது, மலச்சிக்கலைச் சேரவிடாமல் இருப்பது. பகலில் கால் வீங்குகிறவர்கள் சாயங்காலம் கொஞ்சநேரம் காலைத் தூக்கிவைத்துப் படுத்தால், அந்த நீர் ராத்திரிக்குள் வெளியேறிவிடும். நீரில் ரத்தம், குளிர்காய்ச்சல், சுத்தமாக வராமல் போவது ஆகிய மூன்றுக்கும் இந்த யோசனை எதுவும் ஆகாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆச்சியிடம் அன்று சொன்னது இவ்வளவுதான்: சீட்டில் உள்ளது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின், டுடாஸ்டிரைடு ஆறு மாதம் பொறுமையாக, நெருஞ்சிக் கஷாயம் வேண்டாம், டப்பாவை அடுத்தமுறை டாக்டரிடம் காட்டுங்கள். "மகன் ஆசையா வாங்கிட்டு வந்தது" என்றார். சாப்பிட்டால் தப்பில்லை, சீட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு அதைச் சாப்பிடுவதுதான் தப்பு என்றேன். நெருஞ்சிப் பொட்டலத்தைத் திருப்பி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார்.

வைகாசியில் வந்தபோது ஆச்சி முகத்தில் தெளிவு. அஞ்சு தடவை இரண்டாகிவிட்டதாம். இரண்டாவது சீட்டை நான் எடுத்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார், "மாத்திரைய ஒருநாளும் விடல ஆத்தா. ஆனா அவுக ஒரு கல்யாணத்துல அத்தன பேருகிட்டயும் அமெரிக்கா டப்பாதான் கேட்டுச்சுன்னு சொல்லிட்டாக."

அந்த வாரத்திலேயே இரண்டு வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள், அந்த டப்பா நம்மிடம் கிடைக்குமா என்று கேட்டு.